இலைக்கல் பார்க்கப் போன நாள்

பூண்டி ஏரிக்கு மேற்கே, பாறையும் செஞ்சரளையுமாகக் கிடக்கிற பொட்டலில் இலைக்கல் கிடைக்கும் என்று பூமிகாவிடம் சொன்னது பரத்துதான். எந்தக் காலத்திலோ சேற்றில் விழுந்த இலை, சேறு கல்லாக இறுகியபோது நரம்பு நரம்பாக அதில் பதிந்துவிட்டதாம். கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. கட்டிக்கொள்ளப் போகிறவன் சினிமாவுக்குக் கூப்பிடாமல் இப்படி ஓர் இடத்துக்குக் கூப்பிட்டதில் அவளுக்குப் பெருமை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பரத்தின் நண்பன் ரகு இன்னொரு வண்டியில் பின்னாலேயே வந்தான். அவன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

வண்டிகளை நிறுத்திவிட்டு வெகுதூரம் நடந்தார்கள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, முள்தான். பூமிகா குனிந்து குனிந்து தேடி, வெளுத்த கல் ஒன்றை இன்னொரு கல்லால் தட்டிப் பிளந்தாள். உள்ளே ஓர் இலை.

"இங்க வந்து பாருங்களேன்!"

"சூப்பர். அதோ, அந்தப் பாறைகிட்ட போய் நில்லு, போட்டோ எடுக்கறேன். பேக்கையும் போனையும் குடுத்துட்டுப் போ."

பாறையைச் சுற்றிக்கொண்டு ஏறித் திரும்பினால் இருவரையும் காணோம். சற்று நேரத்தில் எங்கேயோ வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

முதலில் சிரித்தாள். பிறகு கூப்பிட்டாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே செம்மண். வந்த வழி தெரியவில்லை. தண்ணீர் பாட்டில் பேக்கோடு போய்விட்டது. ஒரு பக்கம் ஓடினாள், முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறியது. மறுபக்கம் ஓடி ஓடைப்பள்ளத்தில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள். தொண்டை ஒட்டிப்போனது. கடைசியில் மண்ணில் உட்கார்ந்து, யாருமில்லாத வெளியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்? சொல்லுங்க, இனிமே பண்ண மாட்டேன்... உட்டுட்டுப் போயிடாதீங்க..."

மேட்டின் மேலிருந்து சிரிப்பு வந்தது. வண்டிகளை அந்த மேட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு இருவரும் மேலே படுத்திருந்தார்கள். ரகு கையில் போன்.

"செமையா வந்துகீதுடா!"

பரத் இறங்கி வந்து பாட்டிலை நீட்டினான். "சும்மா பிராங்க்கு. கோச்சிக்கினியா?"

அவள் குடித்தாள். பேக்கையும் போனையும் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

அவளுக்கு முன்னால் வீடியோ வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா கலியன் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பரத் வீட்டுக்குப் பதில் மெசேஜ் தட்டிக்கொண்டிருந்தார். "மாப்ள ஜாலியான ஆளு!"

"ஏன்டி இப்பிடி மூக்க ஒழுக்கிக்கினு அழுவுற?" என்றாள் அம்மா. "நாலு பேரு பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா."

"வெளாட்டுக்குச் செஞ்சதுக்கா?"

அவளே பரத்துக்கு போன் போட்டுச் சொன்னாள். "சரி" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதே வீடியோ போனது. சிரிப்பையும் தண்ணீர் கொடுத்ததையும் வெட்டியிருந்தார்கள். பொட்டல் வெளியில் ஒருத்தி தன்னந்தனியே அங்கும் இங்கும் ஓடுகிறாள், விழுகிறாள், ஆளில்லாத இடத்தைப் பார்த்துக் கும்பிட்டுக் கெஞ்சுகிறாள். அவ்வளவுதான். கூடவே பரத்தின் அம்மா குரல்: "பொண்ணுக்கு மனசு சரியில்லீங்க. மறைச்சிட்டாங்க. நாங்க யாரையும் கொற சொல்லல. கல்யாணத்த நிறுத்திக்கினோம்."

கலியன் பரத் வீட்டுக்குச் சண்டைக்குப் போனார். அங்கே, "நேத்து நீங்களே சிரிச்சி மெசேஜ் போட்டீங்களே, இன்னிக்கு இன்னா?" என்று அவர் அனுப்பியதையே எடுத்துக் காட்டினார்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர் மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

வீடியோ கம்பெனிக்கும் பரவியிருந்தது. கம்பெனி பஸ்ஸில் பூமிகா ஏறியதும் பேச்சு அடங்கியது. பக்கத்து சீட்டு ஏஞ்சலின் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டருகிட்ட காட்டுறியா பூமி? எங்க சர்ச்சுல நல்லா ஜெபம் பண்ணுவாங்க. ஒரு நாளு வரியா?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

ஏஞ்சலின் கையை விடவில்லை. "மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க," என்றாள், அத்தனை அன்பாக.