முதல் அடி

பாப்பம்மா தன் ஓரகத்தியின் கொண்டையைக் கையில் சுற்றிப் பிணவறை வாசல்வரை தரதரவென்று இழுத்து வந்துவிட்டாள். "உன் புருசன் கொன்னது உள்ள கெடக்குது, போய்ப் பாருடீ!" கெம்பம்மாவின் நெற்றி படியில் மோதி ரத்தம் வந்தது. அவள் திருப்பி அடிக்கவில்லை. ஓசூர் ஆஸ்பத்திரியில் விலக்கிவிட ஒருத்தரும் வரவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் எங்கிருந்துதான் வந்தார்களோ!

ஏட்டு சௌந்தரராஜன் லத்தியால் பெஞ்சைத் தட்டினார். "சண்டைய அப்பறம் வெச்சுக்குங்க. ஏம்மா, பாத்தது நீ ஒருத்திதான். பத்தாவது படிக்கிற. நீயே எழுதிக் குடு. ஒரு பக்கம் போதும்."

பாப்பம்மாவின் மகள் முனிலட்சுமி பேனாவை வாங்கினாள். காலையில் அப்பாவுக்குக் கூழ் கொண்டு வயலுக்குப் போனவள். பாவாடையில் அவர் ரத்தம் காய்ந்து மொடமொடத்தது.

கெம்பம்மா அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "கல்லு மேல வுழுந்துட்டாருன்னு எழுது கண்ணு. உன் சித்தப்பன தூக்குல போட்டுருவாங்க."

அம்மா காதுக்குள் சொன்னாள்: "உங்கப்பன் மொதல்ல அடிச்சத எழுதாத. அந்த ஒரு வரியில கேசு நிக்காம போயிரும். அவன் வெளிய வந்துருவான்."

ஒருத்தி பொய்யைச் சேர்க்கச் சொல்கிறாள், இன்னொருத்தி உண்மையை விடச் சொல்கிறாள். அப்பா, திம்மப்பன் வாத்தியார், உயிரோடிருந்தால் இரண்டு பேருக்கும் ஸ்கேலால் முட்டியில் அடி விழுந்திருக்கும். உத்தனப்பள்ளி வகுப்பில் பெற்ற மகளையும் அவர் விட்டதில்லை. பாடத்தைச் சுருக்கி எழுதும்போது 'பாவம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்ததற்கு அவள் விரல் வீங்கிப்போனது. "இருக்கறத விடாத, இல்லாதத சேக்காத. உன் கருத்த எவன் கேட்டான்?" வாயைவிடக் கை முந்துகிற மனிதர். அந்தக் கையை அவள் எவ்வளவோ வெறுத்திருக்கிறாள். இப்போது அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

எழுதினாள்.

'கம்பெனிக்கு விற்பதற்காக ஆஞ்சப்பன் நிலத்தில் எல்லைக்கல் நட்டார். அவருடைய அண்ணன் திம்மப்பன் அதைப் பிடுங்கி எறிந்தார். ஆஞ்சப்பன் திட்டினார். திம்மப்பன் மண்வெட்டிக் காம்பால் அவர் தோளில் அடித்தார். ஆஞ்சப்பன் மண்வெட்டியைப் பிடுங்கித் திம்மப்பன் தலையில் மூன்று முறை வெட்டினார். மூன்றாவது வெட்டின்போது திம்மப்பன் தரையில் கிடந்தார்.'

'கொடூரமாக' என்ற சொல் பேனா முனைவரை வந்தது. எழுதவில்லை.

ஏட்டு உரக்கப் படித்தார். நாலாவது வரியில் அம்மா பளாரென்று மகளை அறைந்தாள். "பெத்தவனயே காட்டிக் குடுத்துட்டியேடீ!" உதடு கிழிந்தது. கடைசி வரியில் கெம்பம்மா "அய்யோ தேவரே!" என்று சாமியைக் கூப்பிட்டு மார்பில் அடித்துக்கொண்டு, காலடி மண்ணை வாரி அவள்மேல் தூற்றினாள். முனிலட்சுமி முகத்தைத் துடைக்காமல் நின்றாள்.

ஏட்டு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. ஓரத்துல எதுக்கு நாலு வெரல் எடம் வுட்டிருக்க?"

"திருத்தறதுக்குங்க," என்றாள் அவள், பிணவறைக் கதவைப் பார்த்தபடி.