அறுபத்து நான்கு கோல்

ஒல்லாந்தர் கோட்டைக் கிடங்கில் வாரத்தில் ஆறு நாளும் நின்றபடியே துணிக்கட்டுகளை எண்ணுகிறவர் சுப்பராயலு. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவரால் கால் நீட்டிப் படுக்க முடியும். அன்றைக்கும் யாராவது வந்துவிடுவார்கள். எல்லாம் அந்தக் கில்லிச் சுவடியால் வந்த வினை.

மாசி மகம் கழிந்த மூன்றாம் நாள், கடல்பக்கக் குப்பத்துக்கும் ஏரிப்பக்கக் குப்பத்துக்கும் பழவேற்காட்டு மணல்திட்டில் கில்லிப் பந்தயம் நடக்கும். யார் அடித்த கில்லி எத்தனை கோல் தூரம் போனது, யார் பிடித்து யாரை வெளியேற்றினார்கள் என்று இருபத்து மூன்று வருஷத்துக் கணக்கை அவர் ஓலையில் எழுதி வைத்திருந்தார். பொழுதுபோகாமல் தொடங்கிய வேலை. இப்போது கள்ளுக்கடைச் சண்டைக்கும் சுவடி வேண்டும், சம்பந்தம் பேசவும் சுவடி வேண்டும் என்றாகிவிட்டது. ஓலைகளை ஏரியில் வீசிவிடலாமா என்றுகூடச் சில நாள் தோன்றும்.

அந்த ஞாயிறு வந்தவள் திரௌபதி. ஏரிப்பக்கக் குப்பத்துக்காரி, சேற்றில் கைவிட்டு இறால் பிடிப்பவள். அவள் புருஷன் வேணு கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஏழு வருஷம் ஆகிறது.

"பிலவ வருஷத்து ஓலையப் படிங்க, கணக்கரே."

படுத்தபடியே சொன்னார். "படிக்கவே வேணாம். கோதண்டம், அறுபத்தோரு கோல். அதுக்கு மேல இதுவரைக்கும் எவனும் அடிச்சதில்ல."

"எங்காளு அறுபத்துநாலு அடிச்சாரு."

"சுவடியில இல்லியேம்மா."

"நீங்க அன்னிக்கு வரவே இல்லியே. வராம இன்னாத்த எழுதினீங்க?"

சுப்பராயலு எழுந்து உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்தப் பந்தயத்தின்போது அவர் குளிர்காய்ச்சலில் கிடந்தார். மறுநாள் கடல்பக்கக் கோதண்டம் வந்து சொன்னதைக் கேட்டு எழுதினார். அந்த ஒரு ஓலை மட்டும்தான் அவர் கண்ணால் பார்க்காமல் எழுதியது.

"அன்னிக்குக் கோல் போட்டு அளந்த இனாயத்துல்லா மரக்காயர் கப்பலேர்ந்து திரும்பி வந்துட்டாரு. அவரக் கேளுங்க" என்றாள் திரௌபதி. "ஒல்லாந்தர் செத்தா பேரு, வருஷம் எல்லாம் கல்லுல வெட்டி வைக்கிறாங்க. எங்காளுக்குப் பொணமே கெடைக்கல. உங்க ஓலையிலயாச்சும் பேரு இருக்கட்டுமே."

வெயில் தாழ்ந்ததும் சுப்பராயலு வீங்கிய காலை இழுத்துக்கொண்டு மரக்காயர் தெருவுக்குப் போனார். இனாயத்துல்லா யோசிக்கக்கூட இல்லை.

"வேணு அறுபத்துநாலு. கோதண்டம் அறுபத்தொண்ணு. ரெண்டையும் நான்தான் அளந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலியே, கணக்கரே. அடுத்த வாரமே கொழும்புக்குக் கப்பல் ஏறிட்டேன்."

அங்கிருந்து கடல்பக்கக் குப்பத்துக்கு அரை நாழிகை நடை. வழியில் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். கால் வலியால் அல்ல. வேணுவே ஒருமுறை வந்து இதைக் கேட்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஈர வேட்டியோடு வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னவனை, "ஓலையில இருக்கிறதுதான் கணக்கு, போப்பா" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கும் அவருக்குத் தூக்கம்தான் பெரிதாக இருந்தது.

கோதண்டம் வலையை உதறிக்கொண்டிருந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது.

"நான் பொய் சொல்லல, கணக்கரே. நான் அறுபத்தொண்ணு அடிச்சேன்னு சொன்னேன். அது நெசம்தான். அதுக்கு மேல எவனாச்சும் அடிச்சானான்னு நீங்க கேக்கல. நானும் சொல்லல."

"ஒம்போது வருஷமா சொல்லல."

"முதல் வருஷமே சொல்லியிருக்கணும். அப்புறம் ஊரே என்னப் பெரியாளுன்னு சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. வேணு போன பெறவு இன்னான்னு சொல்றது?" வலையைக் கீழே போட்டார். "மாத்திடுங்க. எங்காளுங்க கேட்டா நானே சொல்லிக்கிறேன்."

ஓலையில் கீறிய எழுத்தை அழிக்க முடியாது. மறுநாள் விடிந்ததும், கிடங்குக்குப் போகுமுன், சுப்பராயலு பழைய வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே இருந்த இடத்தில், 'ஏரிப்பக்கம் வேணு, அறுபத்து நான்கு கோல். முன்பு எழுதியது விசாரியாமல் எழுதியது. பிழை என்னுடையது' என்று எழுதினார்.

இறால் கூடையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த திரௌபதியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். கூடையை இறக்காமலே கேட்டாள்.

"இன்னொருவாட்டி படிங்க."

படித்தார்.

"அவரு எங்கிட்ட அறுபத்தஞ்சுன்னு சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டதென்று நடந்தாள்.

செய்தி இரண்டு குப்பத்திலும் பரவியது. ஒரு ஓலை தப்பென்றால் மற்றவை மட்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். அடுத்த ஞாயிறு சுப்பராயலு கதவைத் திறந்தபோது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற பூபதி, "எங்க நைனா ஆட்டத்தையும் கொஞ்சம் விசாரிக்கணும், கணக்கரே" என்றான்.

மற்ற வருஷமெல்லாம் கண்ணால் பார்த்து எழுதியது என்று சொல்ல வாயெடுத்தவர், உள்ளே போய்ச் சுவடியை எடுத்து வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்தார்.

"எந்த வருஷம்? அன்னிக்குக் கோல் போட்டது யாரு?"