ஹாம்பர்க்கில் நிறுத்திய லாரி

1

இந்தக் கதை பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கிடைத்தது. யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நான் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார்.

"இந்த லினக்ஸ்ல யார் எப்போ உள்ள வந்தான்னு தெரியுமா?"

"எல்லாம் லாக் ஆகும் சார். மணி, நிமிஷம், செகண்ட்."

"வீட்டு ஆளா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

அவர் கவுண்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "நானே வந்திருந்தா? அதுவும் தெரியுமா?"

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் தான் உட்கார்ந்தோமா இல்லையா என்று ஒரு மனிதர் கடைக்கு வந்து கேட்கிறார். டிஸ்க்கை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

[பொய். வாங்கினேன். வாங்காமல் வந்தால் கதைக்கு நன்றாக இருக்குமே என்று பார்த்தேன். இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று உறுதி சொல்ல முடியாது, ஜாக்கிரதையாகவே படியுங்கள்.]

2

அவருக்குச் சேஷகிரி என்று பெயர் வைத்தேன். எப்படித் தொடங்குவது என்பதில் இரண்டு வாரம் போனது.

"ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தம் கேட்காத வீடே கிடையாது, ஆனால் சேஷகிரிக்கு அன்று மட்டும்…" வேண்டாம். ரயிலை உள்ளே விட்டால் யாரையாவது ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

"பாகீரதி அன்று காலையிலிருந்தே…" இதுவும் வேண்டாம். பாகீரதி அவர் மனைவி. அவள் மேல் எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"சேஷகிரி யாரையும் நம்பியதில்லை." இது நிற்கும். இதையே வைத்துக்கொள்வோம்.

சேஷகிரி யாரையும் நம்பியதில்லை. முப்பத்தொரு வருஷம் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டராக இருந்தவர். லைசென்ஸ் டெஸ்டுக்கு வருகிறவன் கதவைத் திறக்கிற தினுசிலேயே ஆள் எப்படி என்று எடை போட்டுவிடுவார். ரிட்டையர் ஆன மறு வருஷம் இடது கண் பார்வை மங்கி, டாக்டர் காரைத் தொடக்கூடாது என்றுவிட்டார். மனுஷர் ஆடிப்போய்விட்டார். டொரண்டோவில் இருக்கும் மகன் ஷ்ரேயாஸ் மனசு கேட்காமல் கம்ப்யூட்டரில் மாட்டுகிற ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கி அனுப்பினான். கூடவே ஐரோப்பா முழுக்க லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று.

முதலில் "சின்னப் பிள்ளை சமாசாரம்" என்றவர், ஒரு மாதத்தில் ஸ்பெயினைக் கரைத்துக் குடித்துவிட்டார். ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதில்லை. அதோடு, சர்க்கார் ஜீப்புக்கு எழுதுவது போல, அந்தத் திரை லாரிக்கும் ஒரு லாக் புக் வைத்தார்: புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், ஆரம்ப கிலோமீட்டர், முடிவு கிலோமீட்டர், கையெழுத்து. தாத்தா காலத்திலிருந்து மைசூர் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம், கை சும்மா இருக்குமா?

மற்றவர்களைப் போல விளையாடிவிட்டு எழுந்து போயிருந்தால் இந்தத் துன்பமே வந்திருக்காது.

3

கம்ப்யூட்டர் பழையது. விண்டோஸின் பழைய பதிப்புக்கு இனி பாதுகாப்பு அப்டேட் கிடையாது, புதிய பதிப்போ இந்த மெஷினில் ஏறாது. பாகீரதியின் அண்ணன் மகன் வெங்கி, நாற்பதை நெருங்குகிறவன், ஐ.டி.யில் இருக்கிறான், லிங்கராஜபுரத்திலிருந்து பென் டிரைவோடு வந்தான்.

"லினக்ஸ் போட்டுடலாம் அத்திம்பேர். ஃப்ரீ."

"எவன்டா சும்மா குடுப்பான்? அவனுக்கு என்ன லாபம்?"

"உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் சேந்து எழுதறா. யாருக்கும் சொந்தம் இல்லே."

"யாருக்கும் சொந்தம் இல்லேன்னா, நாளைக்கு யார்கிட்டப் போய் கம்ப்ளைண்ட் பண்றது?"

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதீங்கோ," என்றாள் பாகீரதி, சமையலறையிலிருந்து.

"பல்லைப் பாக்கறதுதான்டி என் உத்தியோகம்."

வெங்கி பொறுமையாக விளக்கினான். விளையாட்டு விண்டோஸுக்காக எழுதப்பட்டது, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒன்று உட்கார்ந்து அதை லினக்ஸுக்குப் புரிய வைக்கும் என்றான். மொழிபெயர்ப்பாளர் என்றதும் சேஷகிரியின் புருவம் ஏறியது. நடுவில் நிற்கிறவர்களை அவர் சர்வீஸில் நிறையப் பார்த்தவர். ஆனால் லாரி ஓடியது. முன்னைவிட வழுவழுவென்று ஓடியது. அதுவும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

4

மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. லாக் புக்கில் கடைசி வரி: ஹாம்பர்க், 41,212, கையெழுத்து. கம்ப்யூட்டரைப் போட்டார். லாரி ப்ராக் நகரத்தில் நின்றது. மீட்டர் 41,852.

அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

இது லினக்ஸின் கோளாறு இல்லையா என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். கிலோமீட்டர் தானாக ஏறாது. அந்த வழியை விட்டுவிடுங்கள், அதில் கதையும் இல்லை.

முதல் சந்தேகம் வெங்கி மேல். போட்டவனிடம் சாவி இருக்குமே! அன்றே பாஸ்வேர்டை மாற்றினார். ஏழு எழுத்து. யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவில்லை. வாக்கிங் போகும்போது மோடத்தின் வயரைப் பிடுங்கிப் பைஜாமா பையில் போட்டுக்கொண்டு போனார். பாகீரதி போன் வேலை செய்யவில்லை என்று கத்தினாள். கத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் லாரி வியன்னாவில் இருந்தது.

இப்போது வீட்டில் இருப்பது இரண்டே பேர். பாகீரதிக்கு ஸ்டியரிங் என்றால் துடைக்க வேண்டிய சாமான் என்றுதான் தெரியும். நாற்காலியைப் பார்த்தார். அது அவர் உயரத்துக்கு வைத்தபடியே இருந்தது, ஒரு அங்குலம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் குள்ளம், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டாது.

அப்படியானால் யார்?

கோபமாக ஆரம்பித்தது அங்கே பயமாக மாறியது. அவருக்கு ஒரு திருடன் வேண்டும். எவனாவது ஒரு களவாணி வந்து தன் லாரியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று சேஷகிரி மனதார ஆசைப்பட்டார். திருடன் இல்லையென்றால் ஓட்டியது அவர்தான். ஓட்டிவிட்டு மறந்திருக்கிறார், ஆயிரம் கிலோமீட்டர் சுத்தமாக நினைவில் இல்லை.

[போன ஞாயிறு ஷ்ரேயாஸோடு பேசும்போது, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி ஒழுகுவதை ஒரே போனில் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவையும் புதுச் செய்தி போல. அவர் அதைக் கவனிக்கவில்லை. பாகீரதி கவனித்தாள்.]

5

எஸ்.பி. ரோடு கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து வெங்கிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், பக்கத்தில் பாகீரதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜர்னல்னு ஒண்ணு இருக்கு அத்திம்பேர். எத்தனை மணிக்கு யார் உள்ள வந்தான்னு எழுதி வெச்சிருக்கும். அதுவும் ஒரு லாக் புக்தான். ஞாயித்துக்கிழமை வந்து திறந்து காட்டறேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்கோ."

மணி தெரிந்தால் போதும். காலை ஆறிலிருந்து ஏழே கால் என்றால் அவர் வாக்கிங்கில் இருப்பார், வீட்டில் பாகீரதி மட்டும். சாயங்காலம் நாலிலிருந்து ஆறு என்றால் பாகீரதி இருக்க மாட்டாள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஐ.டி. பிள்ளைகளுக்குப் பக்கத்து அபார்ட்மெண்டில் கன்னடம் சொல்லிக்கொடுக்கப் போயிருப்பாள். அப்போது வீட்டில் அவர் மட்டும். பீன்ஸ் நறுக்கும் சத்தம் நின்றதை அவர் கேட்டார். ஏன் நின்றது என்று அன்று யோசிக்கவில்லை.

6

இங்கே நான் ஒரு முடிவு எழுதினேன். வாக்கிங் நேரத்தில் பாகீரதி திருட்டுத்தனமாக லாரி ஓட்டுகிறாள். நாற்பது வருஷம் பக்கத்து சீட்டிலேயே உட்கார வைத்த மனுஷனை ஏமாற்றிவிட்டு டான்யூப் பாலத்தின் மேல் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறாள். நாலு பக்கம் வந்தது. எனக்கே கண் கலங்கியது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் என் சிநேகிதி மௌரீனிடம் கொடுத்தேன். நான் எழுதுவதை முதலில் படிக்கிறவள் அவள். படித்துவிட்டுக் காகிதத்தை மேஜை மேல் போட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ பயந்துட்டே. பாவம் அந்த அம்மாவ லாரில ஏத்திவிட்டுட்டு நீ தப்பிச்சு ஓடிட்டே."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நாலு பக்கத்தையும் அழித்தேன். [ஒரு காப்பி இருக்கிறது. கேட்டால் தருவேன்.]

7

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் பாகீரதி வந்து நின்றாள்.

"ஏன்னா, வெங்கியை வரச் சொல்ல வேண்டாம்."

"ஏன்?"

"நான்தான் ஓட்டினேன்."

சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எப்போ?"

"நீங்க வாக்கிங் போனப்போ."

"ப்ராகுக்கு எந்த வழியா போனே?"

"போர்டு பாத்துண்டே போனேன்."

"லோடு என்ன?"

"பின்னாடி மூடியிருந்ததே, எனக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே சந்தேகமும் திரும்பி வந்தது. இவள் இப்போது ஏன் சொல்கிறாள்? வெங்கி வருவதற்கு முதல் நாள் ஏன்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவள் முகத்தில் குறுகுறுப்பே இல்லை. பிள்ளைக்கு ஊசி போடும்போது வேறு பக்கம் பார்க்கச் சொல்கிற தாயின் முகம் அது.

"சரி," என்றார். "ஓட்டிக் காட்டு."

பாகீரதி புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. "நுனிக்கால்ல அமுக்குவேன்," என்றாள், அவர் கேட்காமலே. திரை வெளிச்சமாகி பாஸ்வேர்டு கேட்டது. அவள் விரல்கள் கீபோர்டு மேல் போய் நின்றன. முப்பத்தொரு வருஷம் டெஸ்ட் எடுத்தவருக்கு அந்த விரல்களைப் பார்த்தால் போதும். தப்பாக அடிக்கப் போகிறாள். தப்பென்று தெரிந்துவிட்டால் பிறகு வீட்டில் சந்தேகப்பட ஒருத்தர்தான் மிச்சம்.

சர்வீஸில் அவர் ஒருவரையும் பாதி டெஸ்டில் இறக்கிவிட்டதில்லை.

"போறும். எழுந்திரு," என்றார். "நான் போடறேன்."

"நான் போடறேனே."

"எழுந்திருடி, சும்னே அடம் பிடிக்காதே," என்றார், சும்மாவைக் கன்னடத்தில் சொல்லி.

உட்கார்ந்தார். அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கை நின்றுவிட்டது.

8

ஐந்து புள்ளி விழுந்திருக்கிறது. இன்னும் இரண்டு வேண்டும்.

அந்தப் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், வைத்ததே நான்தான். இங்கே எழுதிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. எழுத முடியவில்லை. அவராகவே மீதியை அடித்தால் கம்ப்யூட்டர் திறக்கும், ஓட்டியது யார் என்பது அப்படியே நிற்கும். பாகீரதி எடுத்துக் கொடுத்தால் ஓட்டியது சத்தியமாக அவள்தான், ஆனால் அவர் மறந்ததும் சத்தியமாகிவிடும். இரண்டில் எதை எழுதினாலும் உடனே அழித்துவிடுகிறேன். மௌரீன் சொன்னது சரி. நான் பயந்தாங்கொள்ளிதான்.

சேஷகிரி தலையைத் திருப்பி மனைவியைப் பார்க்கிறார். ஆயுசில் முதல் தடவையாக அவர் ஒருவரைச் சோதிப்பதற்காகப் பார்க்கவில்லை. அவள் அவர் தோளில் கை வைக்கிறாள்.

"அவசரம் ஒண்ணும் இல்லே," என்கிறாள். "நிதானமா போடுங்கோ. நான் எங்கேயும் போகலை."

வெங்கி நாளைக் காலை பத்து மணிக்குக் கிளம்புவான். வந்தால் அந்த ஜர்னலைத் திறந்துவிடுவான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. வரச் சொல்வதா, வேண்டாம் என்பதா? படிக்கிற நீங்கள்தான் அவனுக்குப் போன் செய்ய வேண்டும்.