எட்டுக் குழாய் தண்ணீர்

வெள்ளிக்கிழமை காலையில் தெருத்தலைவர் நல்லையா வந்து பட்டியலை வாசித்துவிட்டுப் போனார். ஜப்பான்காரன் சயாமில் போடுகிற ரயில்பாதை வேலைக்குச் சுப்பையன் பெயரும் இருந்தது. லோரி வர இன்னும் இரண்டு வாரம்.

"ஓடிப்போயிறலாம்னு மட்டும் நெனைக்காத சுப்பையா," என்றார் போகும்போது. "ஓடுனவன் வீட்டுல யாரு மிச்சமோ, அவங்கள ஏத்திடுவானுங்க. புள்ளத்தாச்சின்னும் பாக்கமாட்டானுங்க."

உள்ளே அவன் மனைவி ருக்மணி ஐந்து மாத வயிற்றோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சயாமுக்குப் போனவன் ஒருவனாவது திரும்பி வந்ததாக அவர்கள் ஊரான காஜா பேராங்கில் யாரும் சொன்னதில்லை. அப்படியானால் ஓடுவதென்றால் இரண்டு பேரும் ஓட வேண்டும். எங்கே ஓடுவது? ரோட்டில் சோதனை, ரயிலில் சோதனை. மிச்சமிருந்தது கடல்தான்.

கிளேபாங் மீனவன் லாத்திப்பிடம் ஒரு சின்னப் படகு இருந்தது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடலாம். மூன்றாவது ஆள் ஏறினால் கவிழும். எதிர்க்கரையில் ரூப்பாட் தீவு. அங்கேயும் ஜப்பான்காரன்தான், ஆனால் அங்கே எந்தப் பட்டியலிலும் சுப்பையன் பெயர் கிடையாது. லாத்திப்பின் மச்சான் அங்கே காடு வெட்டிக் குடிசை போட்டிருந்தான். படகு தரச் சம்மதித்த லாத்திப் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: தண்ணீரை எதில் கொண்டுபோவாய்? காற்று மாறினால் மூன்று நாள் ஆகும். தண்ணீரில்லாமல் போய், நாக்குத் தடித்துக் கரை ஒதுங்கிய இரண்டு பேரை அவனே தூக்கிப் புதைத்திருக்கிறான். தண்ணீரைப் பார்க்காமல் துடுப்பைத் தரமாட்டேன் என்று மலாயில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

ருக்மணி மண்பானை என்றாள். பானையாம் பானை! அந்த ஒடுக்கமான படகில் பானை எங்கே உட்காரும்? ஓர் அலையில் உருண்டுவிடும். மண்ணெண்ணெய்த் தகரத்தைப் புளி போட்டுத் தேய்த்தாலும் நாற்றம் போகாது. போத்தல் ஒன்றோடொன்று இடித்து உடையும். கடைசியில் மூங்கில்தான் என்று முடிவானது. கலயம் வருகிற கப்பல் நின்றுபோனதிலிருந்து சுப்பையன் கள் இறக்குவதும் மூங்கில் குழாயில்தான். கை நீளம், நாலு போத்தல் பிடிக்கும், பலகைக்கு அடியில் நீளவாக்கில் படுக்கும். எட்டுக் குழாய் போதும் என்றான் லாத்திப்.

பச்சை மூங்கிலில் தண்ணீர் இரண்டே நாளில் நாறும். அதனால் சுப்பையன் முற்றிக் காய்ந்ததாகத் தட்டிப் பார்த்து வெட்டினான். உள்ளே பழுக்கக் காய்ச்சிய கம்பியை விட்டுச் சுரண்டினான். ருக்மணி தினமும் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, தேங்காய் மட்டைப் புகை காட்டினாள். மரக்கட்டையில் மூடி செதுக்கி, துணி சுற்றி, தேன்மெழுகு பூசினாள். இதிலேயே ஒரு வாரம் போயிற்று.

இனிமேல்தான் சங்கடம். தெங்கேராக் கடலோரத்தில் அவன் ஏறுகிற தென்னைகளின் பக்கத்துக் கிணற்றில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் காஜா பேராங்கில். நடுவில் ஜப்பான்காரனின் காவல் சாவடி. காலையும் சாயந்தரமும் அவன் காவடித்தண்டில் எட்டுக் காலிக் குழாயோடு போவான், கள்ளோடு வருவான். வரும்போது சிப்பாய்க்கு ஒரு குழாய் கொடுக்க வேண்டும். போகும்போது குழாய் கனத்தால் மாட்டிக்கொள்வான். ஊரெல்லாம் பார்க்க மூங்கில் சுமந்து போகிற ஒரே ஆள் அவன்தான். ஆனால் அவனுக்கு வேண்டியதோ தலைகீழான சுமை.

ஆகவே, ஏழு காலி, ஒன்று நிறை. ஒரு நடைக்கு ஒன்று. நாலு நாளில் எட்டு. கொண்டுபோனதை மரத்து உச்சியில் மட்டைகளுக்கு நடுவே கட்டிவிடுவான். அங்கே அவனைத் தவிர யார் ஏறப்போகிறார்கள்?

முதல் நாள் காலையில் சிப்பாய் ஒரு காலிக் குழாயைத் தூக்கி அதன் வாயில் மூக்கை வைத்தான். "தூவாக்," என்று சிரித்தான். கள்ளுக்கு மலாயில் அதுதான் பேர். பக்கத்துக் குழாயை முகர்ந்திருந்தால்? கள் வாசமே இல்லாத தண்ணீர்க் குழாய் அது!

வீட்டுக்கு வந்ததும் சொன்னான்: "புள்ள, இனிமே தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி உள்ள ஒரு கை கள்ளு விட்டு அலசணும். வாசம் வரணும்."

"ஏங்க, வெளிய வாயில தடவுனா பத்தாதா? உள்ள விட்டா புளிச்சுப் போயிறாது?"

"தண்ணியில என்னடி இருக்கு புளிக்க? கள்ளுல இனிப்பு இருக்கு, புளிக்குது. இருபது வருஷமா இதே வேலைதான் செய்யறேன். எனக்குச் சொல்லிக் குடுக்காத."

சாயந்தரக் குழாய்களை அவன் நிரப்பினான். காலையில் அவன் கத்தி தீட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் நிரப்பினாள். நாலு நாள் எந்தத் தடங்கலும் இல்லை. சிப்பாய் சில நாள் முகர்ந்தான், சில நாள் கொட்டாவி விட்டுக் கையசைத்தான்.

லோரிக்கு முந்திய நாள், வியாழன் மத்தியானம், லாத்திப் மரத்தடிக்கு வந்தான். சுப்பையன் எட்டையும் கயிற்றில் இறக்கினான். லாத்திப் முதல் மூடியைத் திறந்து குடித்தான், தலையாட்டினான். இரண்டாவதைத் திறந்ததும் முகத்தைச் சுளித்துத் துப்பினான். சுப்பையன் பிடுங்கிக் குடித்துப் பார்த்தான். வழவழவென்று ஒரு புளிப்பு. மூன்றாவது நல்ல தண்ணீர். நாலாவது புளிப்பு. ஒன்று விட்டு ஒன்று, அவன் நிரப்பிய நாலும் கெட்டுப்போயிருந்தன.

ருக்மணி வெளியே மட்டும்தான் தடவியிருக்கிறாள். அவனிடம் சொல்லவும் இல்லை, சொல்லியிருந்தால் கத்தியிருப்பான். அழக்கூடத் தோன்றாமல் அவன் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்தான். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இதைக் குடித்தால் வயிற்றால் போகும், கடலில் வயிற்றால் போனால் ஆள் தேறமாட்டான் என்றான் லாத்திப். அலசி நிரப்பலாமென்றால், ஊறிய புளிப்புப் போக மூன்று நாள் வேண்டும். நாலு குழாய் ஓர் ஆளுக்குப் போதும், ஒருவர் போகலாம் என்று சொல்லிவிட்டு, நல்ல நாலையும் தனியே சாய்த்து வைத்தான்.

வீட்டில் அவன் சொன்னதையெல்லாம் ருக்மணி கேட்டாள். பிறகு, "நீங்க போங்க. நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்குவேன்," என்றாள்.

"எப்படிச் சமாளிப்ப? நாளைக்கு லோரியில நான் இல்லன்னா நீ இருப்ப. வயித்தோட."

"ரெண்டு பேரும் போவோம். கொஞ்சமாக் குடிச்சுக்கலாம்."

"லாத்திப் துடுப்பத் தரமாட்டான் புள்ள. அவன் சொல்றதும் நியாயந்தான்." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ சொன்னத நான் கேட்டிருக்கணும்." இருபது வருஷத் திமிர் இப்படி ஒரே வாக்கியத்தில் இறங்கியது, இறங்கி என்ன பிரயோசனம்?

அன்று சாயந்தரமும் அவன் மரமேறினான். உச்சியிலிருந்து பார்த்தால் கடல் முழுவதும் தெரியும். அலையே இல்லை. காற்றும் எதிர்க்கரைக்கு வாகாக அடித்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவன் பாளையைச் சீவிவிட்டு அவசரமாக இறங்கினான். வரும்போது நாலு குழாயில் கள், நாலு குழாயில் ருக்மணியின் தண்ணீர். சிப்பாய் வழக்கம்போல் முதல் குழாயை எடுத்துக்கொண்டு வழிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் லோரி வந்தது. நல்லையா பெயர் கூப்பிட்டார், தலை நிமிராமல். ருக்மணி நாலு குழாயையும் கயிற்றில் கோத்துச் சுப்பையன் தோளில் போட்டாள்.

"ரெண்ட நீ வெச்சுக்க."

"எனக்குக் கெணறு இருக்கு. போற ரயில்ல ஒங்களுக்கு யாரு தண்ணி குடுப்பா?"

அவன் ஏறினான். நாற்பது பேருக்கு நடுவில் நிற்கத்தான் இடமிருந்தது. காவல் சாவடியில் தலை எண்ண லோரி நின்றது. அதே சிப்பாய் பின்பக்கம் வந்து, சுப்பையனை அடையாளம் கண்டு பல்லைக் காட்டினான்.

"தூவாக்?"

சிப்பாய் ஒரு குழாயை உருவி, மெழுகைப் பெயர்த்து மூடியைத் திறந்தான். வாய் வைத்தான். ஒரு மிடறுக்குப் பிறகு நின்று குழாயைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான், சுப்பையன் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு என்ன புரிந்ததோ, யார் கண்டது? மறுபடி வாய் வைத்து, வெயிலில் நின்ற தாகத்தோடு பாதியைக் குடித்தான்.

"பாகுஸ்," என்றான். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். மூடியை அவனே அழுத்திக் குழாயைத் திருப்பிக் கொடுத்தான்.

"என் பொண்டாட்டி ஊத்துனது," என்றான் சுப்பையன் தமிழில். லோரி கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஸ்டேசன் பக்கம் போனது.