ஓக் கொட்டையில் ஒரு கிண்ணம்

மூன்று பேரும் மரத்தடியில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். இர்மினாவுக்குக் காட்டில் மண்டியிடுவது ஒன்றும் புதிதல்ல. விதைக் கிடங்கில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். ஆனால் தேடுவது கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்று தெரியாமல் மண்டியிட்டது இதுதான் முதல் தடவை.

அவர்கள் தேடியது சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத ஒரு காளான். போன வருடம் விழுந்து கறுத்துப்போன ஓக் கொட்டையிலிருந்து மெல்லிய காம்பு விட்டு, பழுப்பாக ஒரு கிண்ணம்போலத் திறந்திருக்கும். புதுக் கொட்டைகள் உதிர்கிற அதே அக்டோபரில்தான் அதுவும் காலம் பார்த்துத் தலைகாட்டும். அதன் தூசு பட்ட கொட்டை வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கரியாகிக்கொண்டே வரும். அதனால் புதுக் கொட்டைகளை ஏந்த வலை விரிப்பதற்கு முன்னால் மரத்தடியில் பழைய கொட்டை ஒன்றுகூட விடாமல் வாரி எடுத்துவிட வேண்டும் என்பது கிடங்கின் விதி. இந்தப் பன்னிரண்டு மரங்களின் கொட்டையைச் சேகரித்துக் கிடங்குக்கு விற்க அனுமதி வாங்கி, அடியில் வாரியவள் டெக்லா. இர்மினாவின் தெருக்காரி, அறுபத்தாறு வயது, தனிக்கட்டை.

நேற்றுக் காலை கிடங்கு அதிகாரி கோர்னெல் அவள் கொண்டுவந்த கொட்டைகளில் நூறை எடுத்து நெடுக்காகப் பிளந்து பார்த்தான். நாற்பத்தொன்று உள்ளே கறுத்திருந்தன. கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "டெக்லா ஒழுங்கா வாரல" என்றான். அவ்வளவுதான், வழக்கு முடிந்துவிட்டது; கோப்பில் சேர்க்க ஆதாரம்தான் பாக்கி. பக்கத்தில் நின்ற இர்மினா பிளந்த கொட்டைகளைக் கூடையில் அள்ளிப் போட்டாள்.

"ரெண்டு தடவை வாரினேன் சார்" என்றாள் டெக்லா இப்போது, இலைகளை விலக்கியபடியே. "ரெண்டாவது தடவை கையாலயே பொறுக்கினேன். என் முட்டியக் கேட்டா அதுவே சாட்சி சொல்லும்."

"முட்டி சொல்றத நான் எந்தக் கோப்புல எழுதறது, டெக்லாம்மா? ஒரே ஒரு கிண்ணம் கிடைச்சாலும் இந்த மரங்க அடுத்த தடவை வேற ஆளுக்குத்தான்."

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னா வெந்நீர்த் தொட்டியோட பெட்டியத் திறந்து பாக்கணும். சூட்டயும் நேரத்தயும் தானாக் கிறுக்கி வைக்கிற காகிதம் உள்ள இருக்குல்ல." அவன் இர்மினாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் சொன்னான். அவள்மேல் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை. அவள் குனிந்து இன்னும் வேகமாக இலைகளை விலக்கினாள்.

கிடங்குக்கு வந்த கொட்டைகளை நாற்பத்தொரு டிகிரி வெந்நீரில் இரண்டரை மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். சூடு கூடினால் கொட்டை வெந்துவிடும். நேரம் குறைந்தால் காளான் பிழைத்துக்கொள்ளும். எவ்வளவு வாரினாலும் எங்கோ ஒன்று தப்பும் என்று தெரிந்துதான் அந்தத் தொட்டியையே வைத்திருக்கிறார்கள். டெக்லாவின் கொட்டைகளைத் தொட்டியில் போட்ட அன்றைக்கு இர்மினாவின் மகள் நெலா மூன்று வருடம் கழித்து நார்வேயிலிருந்து வருகிறாள், நாலு மணிப் பேருந்தில், இரண்டே நாள் இருப்பதற்கு. கூட வேலை செய்பவன் விடுப்பில் இருந்தான். இர்மினா ஒன்றரை மணி நேரத்திலேயே கூடைகளைத் தூக்கிவிட்டு, பதிவேட்டில் இரண்டரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு மணி நேரம், அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தாள். பேருந்து வேறு நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது.

டெக்லாவுக்கு இந்த மரங்களை விட்டால் வேறு நாதியில்லை. ஓக் மரம் இப்படிக் கொட்டோ கொட்டென்று கொட்டுவது ஆறேழு வருடத்துக்கு ஒருமுறைதான். இந்த வருடத்துக்காக அவள் காத்திருந்தது ஊருக்கே தெரியும். அடுத்த முறை மரம் காய்க்கும்போது அவளுக்கு எழுபது தாண்டியிருக்கும். அப்போது அனுமதியும் இல்லையென்றால் அவள் வீட்டுக் கதவை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பதினோரு மரம் முடிந்தது. ஒன்றும் இல்லை. மண் அவ்வளவு சுத்தம், வாரியின் பற்கள் போன தடம்கூட இன்னும் அழியவில்லை. இர்மினா கடைசி மரத்தடிக்கு மண்டியிட்டபடியே நகர்ந்தாள். கிடைத்துவிடு, கிடைத்துவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. அதைக் கேட்டு அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"இந்தா இருக்கு" என்றாள் டெக்லா.

மரத்துக்கு அந்தப் பக்கம், கோர்னெலின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், இரண்டு வேருக்கு நடுவே முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடாமல் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவள் கறுத்த கொட்டையைக் காம்போடு, உடையாமல், இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இடுக்குல ஒளிஞ்சிருந்திருக்கு, திருட்டுப்பய. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல சார், ஒத்துக்கறேன்." பிறகு இர்மினாவிடம் வந்தாள். "நீ சொல்லுடி. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். இது அதானே?"

இர்மினாவின் உள்ளங்கையில் அதை வைத்தாள். டெக்லாவின் விரல் நகங்களில் மண் ஏறியிருந்தது. கண்ணில் கோபம் இல்லை. ஒருவேளை இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்ற சின்ன ஆசை மட்டும் இருந்தது.

"அதான்க்கா" என்றாள் இர்மினா.

"அப்பாடா, முடிஞ்சுது" என்று கோர்னெல் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான். நோட்டை விரித்துத் தேதி போட்டான். "டெக்லாம்மா, உங்க பேர் முழுசா எப்படி எழுதறது?"

டெக்லா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இர்மினாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"சார், எழுதாதீங்க."

"என்ன?"

"தொட்டியோட பெட்டியத் திறந்து பாத்துட்டு எழுதுங்க."

கோர்னெலின் பேனா தாளின்மேல் அப்படியே நின்றது. டெக்லா பாதிப் பெயரில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். இர்மினாவின் உள்ளங்கைச் சூடு பட்டு, அந்தச் சின்னக் கிண்ணத்திலிருந்து புகைபோல ஒரு தூசு எழுந்து, காற்றில்லாத அந்த இடத்தில் மூன்று பேருக்கும் நடுவே நின்றது.