முகம் பொருந்தவில்லை

பாங் அண்ணனுக்குத் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்று இருபது யுவான். பணம் கைபேசிக்குள் இருந்தது. மியாவ் லான் ஒரு கையால் புருஷனின் தொங்கிப்போன இடது கன்னத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இரண்டு கண்களையும் சிமிட்டவும்," என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல்.

ஷூலின் சிமிட்டினான். வலது கண் மூடித் திறந்தது. இடது கண் பார்த்தபடியே நின்றது.

"முகம் பொருந்தவில்லை."

"அம்மா, உன் விரலும் சேர்ந்து தெரியுது. அதுக்குப் பிடிக்காது," என்றாள் மகள் யூத்திங்.

"விரலை எடுத்தா கன்னம் விழுந்துடுதேடி."

பக்கவாதம் வந்த அன்றைக்குத்தான் செங்கல் சூளை முதலாளி வண்டிக்கூலி பாக்கியை அனுப்பியிருந்தார். "காலையில பாங் அண்ணன் கடைக்குப் போறேன், மூஞ்சியக் காட்டுறேன், கடன் தீர்ந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே ஷூலின் தினைக்கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தான். கிண்ணத்தோடு அப்படியே சாய்ந்தான். கடன், அவனுடைய மூன்று சக்கர வண்டிக்குப் பேட்டரி மாற்ற வாங்கியது.

அந்தத் தெருவில் முதன்முதலாக முகம் காட்டிக் காசு கொடுத்தவன் அவன். அதில் அவனுக்குப் பெருமை. மாவுப்பானைக்குள் நோட்டைச் சுருட்டி வைக்கும் பெண்டாட்டியைப் பார்த்து, "என்ன, வங்கி திறந்தாச்சா?" என்பான். "எலி தின்னாலும் என் கண்ணு முன்னாடி தின்னும், போய்யா," என்பாள் அவள். அந்த மாவுப்பானைக் காசுதான் மருத்துவமனைக்கு முதலில் போனது. பின்னாலேயே மகளின் சேமிப்பும் போனது.

முகம் இருக்கையில் எண் எதற்கு என்று ரகசிய எண்ணை அவன் எப்போதோ மறந்துவிட்டான். யூத்திங் அவன் பிறந்த நாளைப் போட்டாள், கல்யாண நாளைப் போட்டாள், வண்டி எண்ணைப் போட்டாள். எண் போடும் வழியும் பூட்டிக்கொண்டது. வங்கியிலிருந்து வீட்டுக்கே ஆள் வருவார்களாம், புத்தாண்டு விடுமுறை முடிந்த பிறகு.

இன்று வருஷத்தின் கடைசி நாள். மத்தியானத்துக்குள் வாசலில் புத்தாண்டுச் சிவப்புத் தாள் ஒட்டிவிடுவார்கள். ஒட்டிவிட்டால் கடன் கொடுத்தவன் உள்ளே வரக்கூடாது. அதற்குமுன் வருகிறவன் கேட்கத்தான் வருகிறான்.

கதவைத் தட்டிக்கொண்டு பாங் வந்தார். பன்றிக்கறிக் கடைக்காரர், பருத்த உடம்பு. கையில் எலும்புப் பொட்டலம்.

"சூப்பு வெச்சுக் குடு தங்கச்சி. என்னடா ஷூலின், படுத்துக்கிட்டே வருஷம் பொறக்கணுமா உனக்கு?"

ஷூலின் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. மனிதரைப் பார்த்தான். பேசப் பார்த்தான், சொல் வரவில்லை. நல்ல கையைத் தூக்கிக் கைபேசியைக் காட்டினான்.

"டேய், நான் அதுக்கு வரலடா. சத்தியமா வரல."

அவன் கை இறங்கவில்லை. மியாவ் லான் மறுபடி கன்னத்தைத் தூக்கிப் பிடித்தாள். மறுபடி அதே குரல், அதே பதில்.

"பாதுகாப்புக்குத்தான் பெரியப்பா இப்படி. இது இல்லன்னா திருடன் எப்பவோ எடுத்திருப்பான்," என்றாள் யூத்திங். தான் ஏன் அதற்காகப் பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"திருடனை விடல, சரி. பணத்துக்குச் சொந்தக்காரனையும் விடலையேம்மா." பாங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் மட்டும் யோக்கியமா? நோட்டு குடுத்தா சில்லறை இல்லம்பேன். போன்ல போடுன்னு கடையில கியூஆர் படத்தை ஒட்டி வெச்சவன் நான்தானே."

போகும்போது அவர் படுக்கைப் பக்கம் குனிந்து, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்டா," என்று உரக்கச் சொன்னார். ஷூலின் சரி என்று கண்ணை மூடவில்லை. சாயங்காலம் வெளியே முதல் வெடிச் சத்தம் கேட்டபோதும் அந்தக் கை போர்வைமேல் கைபேசியைத் தேடிக்கொண்டிருந்தது. பிறகு தேடவில்லை.

எரிமயானத்தில் கூட்டமில்லை. பண்டிகை நாளில் சாவு வீட்டுக்கு யார் வருவார்கள்? மகள், பாங், மியாவ் லான். ஒப்பனைக்காரர் ஷூலினின் கன்னத்துக்குள் பஞ்சு வைத்து, வாயை நேராக்கி, மேலே லேசாகச் சாயம் பூசியிருந்தார். கோணல் போய்விட்டது. கேலி பேசுவதற்குமுன் அவன் வைத்துக்கொள்ளும் முகம் அப்படியே வந்திருந்தது.

மியாவ் லான் வெகுநேரம் பார்த்தாள். அவள் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"அம்மா," என்றாள் யூத்திங்.

மியாவ் லான் கைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கண்களைத் திறக்கவும்."

அவள் கையை எடுக்கவில்லை.

"கண்களைத் திறக்கவும்."

யூத்திங் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாங் வந்து கைபேசியை மியாவ் லானின் விரல்களிலிருந்து மெதுவாகக் கழற்றி நிறுத்தினார்.

"தங்கச்சி, அவன் குடுத்துட்டான்."

"எப்ப?"

"குடுத்துட்டான்னு சொல்றேன்ல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பவில்லை.

"பாக்கி ஒண்ணுமில்லையே, அண்ணே?"

"ஒத்தக் காசு இல்ல."

ஊழியர் உள்கதவைத் திறந்துவிட்டு நின்றார். பாங் தள்ளுவண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், அவள் மறுபக்கத்தைப் பிடித்தாள். நிலைப்படியில் சக்கரம் இடித்து நின்றது. இருவரும் சேர்ந்து, அவன் முகம் அசையாதபடி, மெல்லத் தூக்கி அப்பால் வைத்தார்கள்.