கொடுக்கலாம், வாங்கக் கூடாது

தம்பி பெண்டாட்டி நூபியா சிரித்தாலே ரோஸ்மிராவுக்குச் சந்தேகம் வரும். அதுவும் டிசம்பர் பதினாறாம் தேதி காலை ஆறு மணிக்கு, தலையைக்கூட வாராமல், ஆவி பறக்கும் காப்பிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்று சிரித்தால் சும்மா இருக்குமா?

“குளிர்ல நடுங்குறீங்களே அண்ணி. இந்தாங்க, சூடா குடிங்க.”

ரோஸ்மிராவின் கை பாதித் தூரம் போய்விட்டது. அறுபத்தேழு வருஷமாகக் காப்பியைக் கண்டால் தானாக நீளும் கை அது. சட்டென்று இழுத்து, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள்.

“ஜன்னல் மேல வை.”

“ஆறிடும் அண்ணி.”

“ஆறட்டும். நீ போனதும் சுட வச்சுக்கிறேன்.”

நூபியா கோப்பையை வைத்துவிட்டு, இன்னும் அகலமாகச் சிரித்தபடி இறங்கிப் போனாள். ஆட்டம் தொடங்கிவிட்டது.

சலமினா ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நவநாள் செபம் தொடங்கினால் கூடவே பந்தய விளையாட்டுகளும் தொடங்கிவிடும். சிலர் வாரம் முழுக்க வாயில் ஒரு துரும்பை ஒளித்துக்கொண்டு திரிவார்கள். எதிராளி கேட்கும்போது காட்டாவிட்டால் தோல்வி. சிலர் எது கேட்டாலும் “இல்லை” என்றே சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் பொல்லாதது “கொடுக்கலாம், வாங்கக் கூடாது”. எதிராளி நீட்டியதை மறந்துபோய்க் கையில் வாங்கிவிட்டால், கொடுத்தவர் “அகினால்தோ!”, அதாவது “பரிசு எனக்கு!” என்று கத்துவார். கத்தினால்தான் கணக்கு; கத்திய நொடியில் ஆட்டம் முடிந்தது. வழக்கமாகப் பந்தயம் ஒரு சோப்பு, மிஞ்சிப்போனால் ஒரு கைக்குட்டை.

இந்த வருஷம் பந்தயம் இருபத்துநான்காம் தேதி விருந்து.

முப்பத்தொரு வருஷமாக அந்த விருந்து ரோஸ்மிரா வீட்டில்தான். கணவர் இறந்த வருஷம்கூட நிற்கவில்லை. பொகொத்தா, காலி, மெதெயின் என்ற தூரத்து நகரங்களில் இருக்கும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் வருஷத்தில் அந்த ஓர் இரவுக்குத்தான் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். கீழே நான்கு வீடு தள்ளியிருக்கும் தம்பி எலியேசரோ இந்த வருஷம் மொட்டை மாடிக்குத் தகரக் கூரை போட்டுவிட்டான். அவன் மனைவி நூபியா அதில் கலர் விளக்குகள் மாட்டினாள். விமானங்கள் எல்லாம் அதைப் பார்த்துத் தரையிறங்கப் பார்க்கின்றன என்று ஊரில் பேச்சு. பதினைந்தாம் தேதி சாயங்காலம் நூபியா வாயைத் திறந்தாள்: “இந்த வருஷம் விருந்தை எங்க மாடியில வச்சுக்கலாமே அண்ணி.”

ரோஸ்மிராவுக்கு உடனே புரிந்தது. மாடியில் விருந்து என்றால் பிள்ளைகள் மாடியில் சாப்பிடுவார்கள். சாப்பிட்டவர்கள் அங்கேயே ஊஞ்சல் படுக்கை கட்டித் தூங்குவார்கள். அடுத்த வருஷம் பெட்டியையே அங்கே கொண்டுபோய் இறக்குவார்கள். தன் வீட்டுக் கட்டில்கள் ஐந்தும் விரித்தபடியே கிடக்கும்.

சண்டை முற்றும் முன்பு தோழி ஃபாபியோலா குறுக்கே விழுந்தாள். முப்பது வருஷம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவள். எதைச் சொன்னாலும் முத்திரை குத்திய மாதிரிதான் சொல்வாள். “பந்தயம் கட்டுங்கடி. நூபியா கையிலேர்ந்து ரோஸ்மிரா கை எதையாவது வாங்கிட்டா விருந்து கீழ, நூபியா மாடியில. இருபத்துநாலாம் தேதி மதியம் கோயில் மணி பன்னெண்டு அடிச்சு ஓயற வரைக்கும் வாங்கலைன்னா விருந்து மேல, ரோஸ்மிரா வீட்டுல. நடுவர் நான்.”

படுக்கப் போன பிறகுதான் ரோஸ்மிராவுக்கு உறைத்தது: இவ்வளவு தெளிவான விதிகள் ஃபாபியோலாவுக்கு அந்த நொடியிலேயே எப்படி வந்தன?

நூபியாவைக் கண்டால் ஓடிவிடலாம் என்றால் அந்த வாரம் அது நடக்காது. குடில் கட்டப் பாசி சேகரிக்க வேண்டும், சோளம் அரைக்க வேண்டும், பாலாடைக்கட்டி துருவ வேண்டும், சாயங்காலமானால் ஒவ்வொரு வீடாகச் செபத்துக்குப் போக வேண்டும். எல்லா இடத்திலும் தெருவின் அதே எட்டுப் பெண்கள், நூபியா உட்பட.

பதினேழாம் தேதி குடில் கட்டும்போது, “அண்ணி, இந்த ஆட்டுக்குட்டியைக் கொஞ்சம் பிடிங்க, கால் ஒடிஞ்சிருக்கு பாருங்க” என்றாள் நூபியா. “ஒடிஞ்ச காலோட அங்கேயே மேயட்டும்” என்றாள் ரோஸ்மிரா. பதினெட்டாம் தேதி செபத்தில் பாட்டுப் புத்தகத்தை நீட்டினாள். ரோஸ்மிரா அத்தனை பாட்டையும் மனப்பாடமாகப் பாடினாள். தெரியாத இடங்களில் இருமினாள். பத்தொன்பதாம் தேதிதான் மயிரிழையில் தப்பினாள். ரொட்டிக்கடையில் கூட்டம் நெரிந்தது. மாவு அப்பிய கை ஒன்று பொட்டலத்தை நீட்ட, இவள் விரல் காகிதத்தைத் தொடப்போன நேரத்தில் அந்தக் கையிலிருந்த மோதிரம் கண்ணில் பட்டது. தன் அம்மாவின் மோதிரம்! தம்பி கல்யாணத்தில் தானே போட்டு அழகு பார்த்தது. நிமிர்ந்தால், கடைக்காரரின் குல்லாயைப் போட்டுக்கொண்டு நூபியா!

“சாயங்காலம் மட்டும் ஒத்தாசைக்கு வந்தேன் அண்ணி.”

“எத்தனை நாளைக்கு?”

“நீங்க ரொட்டி வாங்குற வரைக்கும்.”

அதற்குப் பிறகு ரோஸ்மிரா யாரையும் நம்பவில்லை. மருந்துக்கடையில் ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தராசுத் தட்டில் வைக்கச் சொன்னாள். தபால்காரரிடம் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொன்னாள். கதவு திறந்துதான் இருந்தது, அவளும் அங்கேதான் நின்றாள். தம்பி எலியேசர் ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தபோது அவனைச் சுற்றிவரச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் பெண்டாட்டி ஒளிந்திருக்கிறாளா என்று பார்த்தாள். நூபியா அவனைவிட இரண்டு மடங்கு அகலம் என்பது அவளுக்கு அப்போது நினைவில்லை. கடைசியில் கம்பளிக் கையுறையின் விரல்களை ஊசி நூலால் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து மாட்டிக்கொண்டாள். சாப்பிடும்போது மட்டும் கழற்றுவாள், அதுவும் கதவைத் தாழிட்டுவிட்டு.

ஃபாபியோலா தலையில் அடித்துக்கொண்டாள். “ஏண்டி, நான் குடுக்குற காப்பியையுமா கீழ வைக்கச் சொல்ற?”

“உனக்கு நேத்து நூபியா வீட்டுலேர்ந்து ஒரு தட்டு பலகாரம் போச்சாமே.”

“தெருவுக்கே போச்சு!”

“தெருவுக்கு ஆறு உருண்டை. உனக்கு ஒம்போது. எண்ணிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நின்ற ரோஸ்மிரா, பலிபீடத்துக்கு நாலடி தூரத்தில் நிமிர்ந்து பார்த்து உறைந்துபோனாள். அந்த வரிசைக்கு அப்பம் கொடுப்பவர் பங்குச் சாமியார் அல்ல. வெள்ளை அங்கியில், கண்களைத் தாழ்த்தி, வானதூதரின் அக்காவைப்போல நிற்பது நூபியா!

அதற்கான வகுப்புக்கு அவள் அக்டோபரிலிருந்து போகிறாள் என்று பின்னால் நின்றவள் கிசுகிசுத்தாள். அக்டோபரா! அப்படியானால் அக்டோபரிலேயே திட்டம் தயார். வரிசையை விட்டு விலகவும் முடியாது. விலகினால், கிழவி என்ன பாவம் செய்தாளோ என்று ஊர் உயிர்ப்புத் திருநாள் வரை மெல்லும். ரோஸ்மிரா இரண்டு கைகளையும் பின்னால் கட்டினாள். கண்ணை மூடினாள். குஞ்சுப் பறவையைப்போல வாயைத் திறந்தாள்.

பூசை முடிந்ததும் வாசற்படியில் பஞ்சாயத்து.

“அகினால்தோ! வாங்கிட்டாங்க! ஊரே பாத்துச்சு!” என்றாள் நூபியா.

“நாக்குல வாங்கினேன். விதியில கைன்னுதான் இருக்கு.”

சாமியாரை இழுத்துவந்தார்கள். அவர் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். “ஆண்டவரை வச்சா பந்தயம் ஆடுறீங்க? ஆளுக்குப் பத்து ஜெபமாலை சொல்லுங்க. ஓடுங்க!” என்றவர், திரும்பிப் போகும்போது ஃபாபியோலாவிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: “விருந்து மேலயா, கீழயா? நானும் வரணும்ல.”

இருபத்துநான்காம் தேதி விடிந்தது. தெரு நடுவே மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, செம்பு அண்டாவை ஏற்றினார்கள். சோளமாவும் பாலும் வெல்லமும் பட்டையும் சேர்த்துக் கிண்டும் நாத்தீயா இல்லாமல் அங்கே கிறிஸ்துமஸ் பிறக்காது. துடுப்பு மாதிரி நீளமான கரண்டியால் காலை ஆறு மணியிலிருந்து ஆள் மாற்றி ஆள் கிண்டினார்கள். பதினொன்றே முக்காலுக்கு அது இறுகிப் பளபளத்தது. தெருவுக்கெல்லாம் தட்டுத் தட்டாக எடுத்து வைத்த பின், விருந்துக்கென்று ஒரு பெரிய பீங்கான் பூசிய பேசினில் ஊற்றினார்கள். அது மேலே போகுமா கீழே போகுமா என்பதுதான் மிச்சம்.

ரோஸ்மிரா வாசலில் நின்றாள். வெயில் ஏறியிருந்ததால் கையுறை இல்லை; கைகள் மேலங்கிப் பைக்குள் இருந்தன. பன்னிரண்டரை பேருந்தில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கோயில் மணி அடிக்க இன்னும் இரண்டு நிமிஷம்.

நூபியா பேசினைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு, மேட்டில் ஏறி நேராக அவளை நோக்கி வந்தாள்.

‘வருகிறாள்’ என்று நினைத்தாள் ரோஸ்மிரா. ‘கடைசி அம்பு.’

மூன்றடி தூரத்தில் நூபியாவின் முகம் கோணியது. “அண்ணி! துணி நழுவுது! சுடுது அண்ணி, பிடிங்க!”

“கீழ வை.”

“குனிய முடியலை! கை வேகுது! ஐயோ!”

பேசின் சாய்ந்தது. ரோஸ்மிரா அந்த முகத்தைத் துருவிப் பார்த்தாள். நடிப்புதான். நூற்றுக்கு நூறு நடிப்பு. எட்டு நாளாகப் பார்க்கிறாளே, தெரியாதா? ஆனால் நூறிலும் ஒரு சின்னச் சந்தேகம் இடித்தது: ஒருவேளை இல்லையென்றால்?

“ஐயோ, உன் கை!” என்று பாய்ந்து பேசினைத் துணியோடு வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

முடிந்தது. முப்பத்தொரு வருஷம் அந்த ஒரு பேசினோடு போயிற்று. ரோஸ்மிரா கண்ணை மூடி அந்தக் கூச்சலுக்குக் காத்திருந்தாள்.

கூச்சல் வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். நூபியா வாயைப் பாதி திறந்தபடி, கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். “அடியே, கத்துடி!” என்று கீழேயிருந்து புருஷன் எலியேசர் அலறினான். “கத்தப் போறியா இல்லையா?” என்றாள் நடுவர். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று... பன்னிரண்டும் அடித்து ஓய்ந்தது. நூபியா வாயை மூடிக்கொண்டாள்.

ரோஸ்மிரா பேசினை ஜன்னல்மேல் வைத்துவிட்டு, நூபியாவின் கையை வெடுக்கென்று இழுத்து விரித்தாள். உள்ளங்கை கழுவிய தட்டு மாதிரி இருந்தது. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

“வேகலையே!”

“இல்ல அண்ணி.”

“நடிச்சியா?”

“கண்ணாடி முன்னால மூணு நாளு பழகினேன்.”

“தெரியும்! எனக்குத் தெரியும்டி!” ரோஸ்மிராவின் முகம் மலர்ந்தது. எட்டு நாள் சந்தேகப்பட்டது வீண் போகவில்லை. பிறகு அந்த மலர்ச்சி மெதுவாகச் சுருங்கியது. “அப்புறம் ஏன் கத்தலை?”

நூபியா தெருக் கல்லைப் பார்த்தாள். “‘ஐயோ, நாத்தீயா’ன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க ‘உன் கை’ன்னுட்டீங்க. அப்புறம் எனக்கு வாய் எழும்பலை.”

இதுவும் புது வலையோ என்று ரோஸ்மிரா அவளை ஒரு நிமிஷம் முழுக்க உற்றுப் பார்த்தாள். எங்கே தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“விருந்து உனக்கு எதுக்குடி அவ்வளவு அவசியம்?”

“பதினாலு வருஷமா உங்க வீட்டு விருந்துல நான் தட்டுதான் கழுவுறேன் அண்ணி. நீங்க சமைப்பீங்க, எல்லாரும் உங்களைத்தான் புகழுவாங்க, நான் சோப்பு நுரையில நிப்பேன். எங்க வீடுன்னா நான் அடுப்புகிட்ட நிக்கலாம்ல.”

“நான் உன்னைக் கழுவச் சொன்னேனா?”

“யாரும் சொல்லலை. யாரும் வேணாம்னும் சொல்லலை.”

ரோஸ்மிரா இழுத்துப் பிடித்திருந்த கையை விட்டாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். “பலகார உருண்டை நீ பொரி. மாவு உள்ள இருக்கு. என் அடுப்புல தீ நிதானமா இருக்கணும், பெருசா வச்சா உள்ள வேகாது. நான் பக்கத்துலயே நின்னு பாப்பேன்.”

பாலாடைக்கட்டி உருண்டை பொரிப்பதை அதுவரை அவள் யாரிடமும் விட்டதில்லை. பேருந்து வந்தது. பிள்ளைகள் வந்தார்கள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள், சாமியாரும் வந்தார். அன்று ராத்திரி அந்த வீட்டில் கூட்டம் எப்படியென்றால், ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தால் இன்னொருவர் வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும். மூத்த மகன் ஏழாவது உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, “அம்மா, இந்த வருஷம் என்ன இப்படி உப்பி வந்திருக்கு? இவ்வளவு நல்லா நீ பொரிச்சதே இல்லை” என்றான்.

“உங்க அத்தை பொரிச்சது” என்றாள் ரோஸ்மிரா. அந்த மூன்று சொற்களைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு கோப்பை ஒயின் தேவைப்பட்டது. பக்கத்து நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நூபியாவின் காது சிவந்தது.

தட்டுகள் எலியேசருக்குப் போயின. மாடிக் கூரைக்கு ஆணி அடித்த கைதானே, கழுவட்டும் என்று நடுவர் தீர்ப்பு. சற்று நேரத்தில் சமையலறையில் ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது உடைந்தபோது ரோஸ்மிரா கண்ணைச் சுருக்கினாள்.

“வேணும்னே உடைக்கிறான். வெளிய அனுப்பிடுவோம்னு பாக்குறான்.”

“எனக்கும் அதே சந்தேகம்தான் அண்ணி.”

இருவரும் எழுந்தார்கள். நூபியா சமையலறையின் முன்வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். ரோஸ்மிரா சத்தமில்லாமல் பின்வாசல் பக்கம் போனாள்.